எண் வேறு, சான்று வேறு

ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, அரசு வழங்கிய எண், கைரேகை, கடவுச்சொல் ஆகியவற்றைக் கைப்பற்றி, இன்னொருவர் அவராக நடித்து ஆதாயம் அடைவதே அடையாளத் திருட்டு. திருடப்பட்ட அடையாளத்தில் கடன் வாங்கலாம். சிம் கார்டு எடுத்து அதைக் கொண்டு மூன்றாம் ஒருவரை ஏமாற்றலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். கூலித் தொழிலாளி ஒருவரின் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி ஜிஎஸ்டி ஏய்ப்புச் செய்யலாம்.

மற்ற திருட்டுகளிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. நகை களவு போனால் பெட்டி காலியாகக் கிடக்கும். விவரம் களவு போனாலோ உரியவரிடம் எதுவும் குறைவதில்லை. திருடன் எடுத்துச் செல்வது நகலை மட்டுமே. அதனால் வங்கி கடன் மறுக்கும்போதோ, வரித்துறை நோட்டீஸ் வரும்போதோதான் பலருக்கும் விஷயம் தெரிய வருகிறது. அடுத்து, இங்கே ஏமாறுபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். திருடன் ஏமாற்றுவது வங்கியையோ தொலைபேசி நிறுவனத்தையோதான். விளைவைச் சுமப்பது அங்கே வராத ஒருவர். ஆகவே அடையாளத் திருட்டைப் புரிந்துகொள்ள, ஒரு நிறுவனம் எதைப் பார்த்து "இவர் இன்னார்" என்று நம்புகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எண் கடவுச்சொல்லான வரலாறு

அமெரிக்காவில் 1936-இல் சமூகப் பாதுகாப்பு எண் வழங்கப்படத் தொடங்கியது. தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை ஓய்வூதியத்துக்காகப் பதிந்து வைப்பதுதான் அதன் ஒரே வேலை. 1938-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரிலிருந்த பணப்பை நிறுவனம் ஒன்று, தன் பையில் அந்த அட்டை பொருந்தும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரி அட்டையைச் செருகி விற்றது. மாதிரியில் அச்சிட்டது கற்பனை எண் அல்ல. நிறுவன அதிகாரி ஒருவரின் செயலருக்கு உரிய உண்மையான எண். வுல்வொர்த் கடைகளில் அந்தப் பையை வாங்கிய பலர் அதையே தங்கள் எண்ணாக எழுதிக் கொடுத்தார்கள். 1943-இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளில் மொத்தம் 40,000-க்கும் மேற்பட்டோர் அதைத் தம்முடையதாகக் கூறியிருக்கிறார்கள். அரசு அந்த எண்ணை ரத்துசெய்து, உரியவருக்குப் புதிய எண் வழங்கியது.

இதில் எவருக்கும் திருடும் எண்ணம் இல்லை. ஆனாலும், எண்ணைச் சொல்பவர் அந்த எண்ணுக்கு உரியவர்தானா என்று சோதிக்க வழியில்லாத அமைப்பு எப்படிப்பட்டது என்பதை இந்நிகழ்வு அப்போதே காட்டிவிட்டது. பின்னர் வங்கி, பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று எல்லோரும் அதே எண்ணைக் கேட்கத் தொடங்கினார்கள். முதலில் ஆளை இனம்காணக் கேட்டார்கள். பிறகு, "எண் தெரிந்திருக்கிறது, ஆகவே அவரேதான்" என்று ஏற்கலானார்கள். ஊரெல்லாம் எழுதிக்கொடுத்த எண், ரகசியச் சொல்லின் வேலையையும் செய்யத் தொடங்கியது.

அது ரகசியமாக இருக்கவும் முடியாது என்பதை 2009-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலெஸாண்ட்ரோ அக்விஸ்டி, ரால்ஃப் கிராஸ் இருவரும் காட்டினர். அந்த எண் வழங்கப்பட்ட முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது: முதல் மூன்று இலக்கங்கள் இடத்தைக் குறித்தன, மற்றவை வரிசைப்படி வந்தன. பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் தெரிந்தால், 1988-க்குப் பின் பிறந்தவர்களில் 44 விழுக்காட்டினரின் முதல் ஐந்து இலக்கங்களை ஒரே முயற்சியில் கணிக்க முடிந்தது. 2011 முதல் எண்கள் ஒழுங்கின்றி வழங்கப்படுகின்றன. ஆனால் 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அதில் அடக்கம். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது.

சொல்வதும் மெய்ப்பிப்பதும்

"நான் இன்னார்" என்று சொல்வது ஒரு செயல். அதை மெய்ப்பிப்பது வேறொரு செயல். பெயர், ஆதார் எண், பான் எண், கைபேசி எண், கணக்கு எண் ஆகிய அனைத்தும் முதல் செயலுக்கு உரியவை. அவை பலர் கையில் போகத்தான் செய்யும். போகாவிட்டால் அவற்றால் பயனே இல்லை. மெய்ப்பிக்கும் செயலுக்குக் கணினித் துறை மூன்று வகைச் சான்றுகளை ஏற்கிறது: ஒருவருக்கு மட்டும் தெரிந்தது (கடவுச்சொல், பின் எண்), அவர் கையில் மட்டும் இருப்பது (கைபேசி, சிம், அட்டை), அவர் உடலோடு ஒட்டியது (கைரேகை, கருவிழி, முகம்). இம்மூன்றில் இரண்டை ஒருசேரக் கேட்பதே இரட்டைச் சரிபார்ப்பு. முதல் செயலுக்கு உரிய ஒன்றை இரண்டாவதற்குப் போதுமானதாக யாராவது ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் அடையாளத் திருட்டு நுழைகிறது.

2012 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. அவருடைய கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை அமேசான் கணக்கு திரையில் காட்டியது. அவை ரகசியமல்ல என்பது அந்நிறுவனத்தின் எண்ணம். ஆப்பிள் நிறுவனத்தின் தொலைபேசி உதவிப் பிரிவோ, அதே நான்கு இலக்கங்களையும் வீட்டு முகவரியையும் கேட்டுவிட்டு, பேசுபவர் கணக்குக்கு உரியவர் என்று ஏற்றது. திருடர்கள் ஒரு நிறுவனத்தில் வாங்கியதை இன்னொன்றில் கொடுத்து உள்ளே போனார்கள். ஹோனனின் கைபேசியிலும் மடிக்கணினியிலும் இருந்த அனைத்தும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன.  ஒரு நிறுவனம் பொதுவில் காட்டியதை மற்றொன்று ரகசியமாகக் கருதியதுதான் ஓட்டை.

சொல்வதற்கும் மெய்ப்பிப்பதற்கும் உள்ள இதே வேறுபாடு ஆதாருக்கும் பொருந்தும். இந்தியாவில் முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் வழங்கப்பட்டது. இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோபுஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறையில் அது கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணினி கண்டுகொள்ளும். தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதோடு அதன் வேலை முடிகிறது. எண்ணைச் சொல்பவர் யார் என்று அது சொல்லாது.

2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் ஆர். எஸ். சர்மா தம் ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, முடிந்தால் தமக்குத் தீங்கு செய்து காட்டும்படி சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய கைபேசி எண், பிறந்த தேதி, பான் எண் போன்றவற்றைப் பலர் தேடியெடுத்து வெளியிட்டனர். அவை ஆதார் தரவகத்திலிருந்து வரவில்லை, ஏற்கெனவே இணையத்தில் கிடந்தவை என்று ஆதாரை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையம் விளக்கியது. கூடவே, பொதுமக்கள் தம் எண்ணை இப்படி வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. எண் தெரிந்தால் மட்டும் தரவகம் திறந்துவிடாது. ஆனால் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒருவரோடு பொருத்திப் பார்க்க அந்த எண் உதவும். திருடனுக்குத் தேவைப்படுவது அந்தச் சேர்க்கைதான்.

மாற்ற முடியாத சான்று

உடலோடு ஒட்டிய சான்று மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கைரேகையை மறக்க முடியாது, தொலைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அது ரகசியமும் அல்ல. தொட்ட பொருளிலெல்லாம் பதிகிறது. 2002-இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் சுதோமு மட்சுமோட்டோவின் குழு ஜெலட்டினில் வார்த்த செயற்கை விரல்களால் கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியது. 2014-இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா வான் டெர் லேயனின் கைரேகையைப் பொது நிகழ்ச்சிகளில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே உருவாக்கியதாக ஒரு கணினிப் பாதுகாப்பு ஆர்வலர் அறிவித்தார். 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடு போயின. அவர்களுக்குப் புதிய விரல் வழங்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் வெளிப்பட்டது. ஏடிஎம் இல்லாத ஊர்களில் வங்கி முகவரின் சிறு கருவியில் ஆதார் எண்ணைக் கொடுத்து, வங்கியின் பெயரைச் சொல்லி, விரலை வைத்தால் பணம் எடுக்கலாம். ஓடிபி தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது பெரும் உதவி. அதே எளிமை மோசடிக்கும் வழி விட்டது. பத்திரப்பதிவு ஆவணங்களில் விற்பவர், வாங்குபவர் கைரேகைகள் இருக்கும். சில மாநிலங்களில் அந்த ஆவணங்கள் இணையத்தில் பார்வைக்குக் கிடைத்தன. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் அத்தகைய ஆவணங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்யும் முறையில் படி செய்து, சிம் கார்டுகளைச் செயல்படுத்தியதற்காகப் பிடிபட்டார். பின்னர் இதே உத்தி பணம் எடுக்கவும் பயன்பட்டது. உயிருள்ள விரலா, வார்த்த விரலா என்று பிரித்தறியும் மென்பொருளை அடையாள ஆணையம் 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தனிநபர் செய்யக்கூடியது, கைரேகையைப் பூட்டி வைப்பது. ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் பயோமெட்ரிக் பூட்டு வசதி உண்டு. பூட்டியபின் படி விரல் மட்டுமல்ல, உண்மையான விரலே வைத்தாலும் சரிபார்ப்பு நடக்காது. ரேஷன் கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்குவோர் அந்த நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். தம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் அதே தளத்தில் காணலாம். சென்றிராத ஊரில், செய்திராத பரிமாற்றம் அதில் இருந்தால் அது முதல் எச்சரிக்கை.

கடவுச்சொல்லின் கணக்கு

பொறுப்புள்ள நிறுவனம் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஹாஷ் என்ற கணிதச் செயலுக்கு உட்படுத்தி, அதன் விளைவை மட்டும் வைத்துக்கொள்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, விளைவிலிருந்து மூலச்சொல்லைக் கணக்கிட முடியாது. திருடனுக்கு இருக்கும் வழி, சொற்களை ஒவ்வொன்றாகச் செயலுக்கு உட்படுத்தி, திருடிய பட்டியலோடு ஒப்பிடுவது. வேகமான கணினி நொடிக்கு ஆயிரம் கோடி முறை முயல்வதாகக் கொள்வோம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கொண்ட சொற்கள் சுமார் 20,900 கோடி. அத்தனையும் முயன்று முடிக்க 21 நொடி போதும். பன்னிரண்டு எழுத்தானால் சுமார் 110 நாள். பதினாறு எழுத்தானால் ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல். குறிகளையும் எண்களையும் திணிப்பதைவிட நீளத்தைக் கூட்டுவது அதிகம் பலன் தரும் என்பது இதனால்தான். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்த தொடர் நினைவில் நிற்கும். உடைக்கக் கடினமாகவும் இருக்கும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் எவ்வளவு நீளமானாலும் திருடனின் முதல் பட்டியலிலேயே இருக்கும்.

எல்லா நிறுவனமும் பொறுப்புடன் நடப்பதில்லை. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனம் கடவுச்சொற்களை அப்படியே சேமித்திருந்ததால் 3.2 கோடி சொற்கள் வெளியாயின. அவற்றில் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. ஓரிடத்தில் கசிந்த சொல்லைத் திருடர்கள் வேறு நூறு தளங்களில் தானியங்கியாக முயன்று பார்க்கிறார்கள். ஆகவே ஒரு சொல்லை ஓரிடத்தில் மட்டுமே வைப்பது அடிப்படை விதி. பல சொற்களை நினைவில் வைக்க முடியாதவர்களுக்குக் கடவுச்சொல் மேலாளர் செயலிகள் உள்ளன. எல்லாவற்றிலும் மின்னஞ்சல் கணக்கின் சொல் வலுவாக இருக்க வேண்டும். மற்றக் கணக்குகளின் சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வந்து சேர்கின்றன. மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்ற எல்லாவற்றையும் பிடிப்பார்.

எவ்வளவு நீளமான சொல்லும் போலித் தளத்தில் தட்டச்சு செய்தால் பறிபோகும், ஓடிபியும் அப்படியே. இந்தக் குறையை நீக்க வந்ததே பாஸ்கீ. கைபேசி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சாவி இணையை உருவாக்குகிறது. பொதுச் சாவி தளத்திடம் போகிறது, மறைச் சாவி கைபேசியிலிருந்தபடி தளம் அனுப்பும் புதிருக்கு விடையளிக்கிறது. சாவி தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. ஓர் எழுத்து மாறிய போலி முகவரி மனிதக் கண்ணை ஏமாற்றலாம், சாவியை ஏமாற்றாது. இவ்வசதி உள்ள தளங்களில் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

சிம் என்னும் திறவுகோல்

இந்தியாவில் வங்கி முதல் வரித்துறை வரை பெரும்பாலான சரிபார்ப்புகள் கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியில் வந்து நிற்கின்றன. எனவே திருடன் அந்த எண்ணையே குறிவைக்கிறான். போலி ஆவணம் காட்டி, "சிம் தொலைந்துவிட்டது" என்று மாற்று சிம் வாங்கினால், உரியவரின் கைபேசி அமைதியாகிவிடும். குறுஞ்செய்திகள் திருடனுக்குப் போகும். இதைத் தடுக்க, மாற்று சிம் தந்த பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தப்படுகிறது. சிம் மாற்றி ஏழு நாள் ஆகும்முன் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் இருக்கையில் ஒரு கைபேசியில் மட்டும் நெடுநேரம் இல்லாமற்போனால், வேறொருவர் கைபேசியிலிருந்து உடனே நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பழைய எண்ணைக் கைவிடுவதிலும் கவனம் தேவை. துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பின் வேறொருவருக்குப் போகலாம். அதற்குள் வங்கி, ஆதார், மின்னஞ்சல் மூன்றிலும் புதிய எண்ணைப் பதிந்துவிட வேண்டும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்க முடியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே மறுக்கலாம்.

நகல்களும் கடனும்

விடுதி அறைக்கும் வாடகை வீட்டுக்கும் ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அந்தக் கணினியிலேயே கிடக்கும். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். எண்ணே கேட்கும் இடத்தில், 2018-இல் அறிமுகமான 16 இலக்க மெய்நிகர் எண்ணைக் கொடுக்கலாம். புதியது எடுத்ததும் பழையது செல்லாது, அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது. தாள் நகல் தந்தே ஆக வேண்டுமானால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுவது அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதைக் கடினமாக்கும்.

பான் எண்ணை வைத்து வாங்கப்படும் கடன்கள் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகும். சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று கேட்டால் ஆண்டு முழுதும் கண்காணிக்கலாம். கணக்குகளை மட்டுமன்றி, யார் யார் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். கேட்காத கடனுக்கான விசாரணை அங்கே முதலில் தெரியும். வருமான வரித்துறை தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கை, பான் எண்ணோடு இணைந்த வட்டி, முதலீடு, சொத்துப் பரிமாற்றங்களைக் காட்டும். வரி கட்டாதவர்களும் அதை ஆண்டுக்கொருமுறை பார்ப்பது பயன் தரும்.

திருட்டு நடந்த பின்

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930 என்ற எண்ணுக்கு. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு விரைந்து சிதறும். புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சமிருக்கும் தொகை முடக்கப்படும். எனவே நிமிடங்கள் முக்கியம். எழுத்துப் புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தரலாம்.

அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மின்னணு மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். ஓடிபியையோ பின் எண்ணையோ தாமே சொல்லியிருந்தால், புகார் தரும்வரையான இழப்பு வாடிக்கையாளருடையது. புகாரின் தேதியும் எண்ணும் எழுத்தில் இருப்பது அவசியம்.

தம் பெயரில் போலிக் கடன் இருந்தால், கடன் தந்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் காவல் புகாரின் நகலோடு மறுப்பு அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கோரலாம் என்பது 2024 முதல் நடப்பிலுள்ள விதி. வசூல் முகவர்களின் தொல்லைக்குப் பயந்து ஒரு தவணையாவது கட்டினால், கடனை ஏற்றுக்கொண்டதாக அது காட்டப்படலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம், தனி அடையாளக் கூறு ஆகியவற்றை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது.

தனிநபர் எத்தனை கவனமாக இருந்தாலும் அவர் எண்கள் பத்து அலுவலகங்களின் கோப்புகளில் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு கசியவும் செய்யும். ஆகவே எண்ணை ஒளித்து வைப்பது முழுப் பாதுகாப்பாகாது. கைரேகையைப் பூட்டுவது, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனிச் சொல் வைப்பது, சிம் பட்டியலையும் கடன் அறிக்கையையும் காலந்தோறும் பார்ப்பது ஆகியவை, எண் கசிந்த பிறகும் திருடனைத் தடுக்கும் அல்லது விரைவில் காட்டிக்கொடுக்கும். எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கடனும் சிம்மும் வழங்கும் பழக்கத்தை நிறுவனங்கள் கைவிடாதவரை மீதி வேலை முடியாது. அதைச் செய்யவைக்கும் பொறுப்பு சட்டத்துடையது.